மேடை போடுகிறவனின் அம்மா

சேகர்,

நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான்தான் கொஞ்ச நாளாக நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பேச்சு தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் போட்டால்தான் உன் கல்யாண வேலைகளை நிம்மதியாகப் பார்க்க முடியும். நிச்சயதார்த்தத்துக்கு ஈப்போ போயிருந்தோமே, அன்றைக்கு மீனாவின் பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ஹோட்டல்ல நாக்காலி அடுக்குற வேலைன்னு சொன்னாங்க" என்றார். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சில நாள் மேசையும் அடுக்குவேன் என்று பதில் வேறு சொன்னாய். உனக்குக் கோபமே வராது, அப்பா பிள்ளை. நான் அப்படி இல்லை. சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் முதல் நாளே வாயைத் திறந்தால் நன்றாக இருக்காது என்று கேசரியை அள்ளிப் போட்டு வாயை அடைத்துக்கொண்டேன். கேசரி கரைந்துவிட்டது, பேச்சு கரையவில்லை.

அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. மீனாவிடம் கொடு. தான் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்ன வேலை செய்கிறான் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்ளட்டும். அவள் அதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையைச் சொன்னால், படித்துக் காட்டினால் சந்தோஷப்படுவேன்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று சிராங்கூன் ரோட்டில் யார் கேட்டாலும் நான் நின்று விளக்குகிறேன். அவசரமாகப் போகிறவர்களையும் விடுவதில்லை. கம்பெனிகள் ஆண்டு விழா வைப்பார்கள், புதுச் சரக்கை அறிமுகம் செய்வார்கள், ஊர் திரும்பும் மேனேஜருக்கு விருந்து வைப்பார்கள். ஹோட்டலின் எந்தக் கூடத்தில் வைப்பது, மேடை எந்தச் சுவரோடு ஒட்டி இருப்பது, யார் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது, சாப்பாடு எந்தக் கதவு வழியாக வருவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறவன் நீ. விழா நன்றாக நடந்தால் முதலாளிக்குப் பேர். மைக் கத்தினால் உனக்குத் திட்டு. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கும் முதலில் தெரியாது. நீ ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறி, வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளார்க்காக மேசை நாற்காலியோடு உட்கார்ந்தபோது, இனி கவலையில்லை என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான். அந்த மேசையை விட்டு எழுந்து வந்து மேடைக்குத் துணி அளந்துகொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோது, உடைத்த தேங்காயைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

நான் மனம் மாறியது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு அப்பாவின் காலிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், மீனாவுக்காகச் சொல்கிறேன். அப்பா அதே கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தார். நீ சின்னப் பையனாக இருந்தபோது அடுக்கி வைத்திருந்த ரப்பர் கட்டு சரிந்து அவருடைய இடது காலில் விழுந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் குட்டையாகச் சேர்ந்தது. ஒரு சீனர் இடது பக்கம் அடித்தோலைத் தடிமனாக வைத்து ஒரு ஜோடி சப்பாத்து செய்து கொடுத்தார். அதை மாட்டி, நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் கொஞ்சம் நிதானமாக நடக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பெனியும் அவரைக் கிடங்கு வாசலில் உட்கார்ந்து லோரிகளை உள்ளே விடும் வேலைக்கு மாற்றிவிட்டது. நாளடைவில் புதிதாக வந்தவர்கள் யாருக்கும் அவருக்குக் காலில் குறை என்பதே தெரியாமல் போனது.

ஆனால் நம்முடைய ஊர் வழக்கத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடங்கள் எத்தனை என்று சப்பாத்தைக் கழற்ற முடியாதவருக்குத்தான் தெரியும். அப்பா கோயிலுக்குள் போவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை என்னோடு வருவார். சாலைக்கு எதிர்ப்பக்கம் துணிக்கடை வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார். நான் திரும்பி வந்து திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்வார். கல்யாண வீடுகளில் மணவறை ஏறி வாழ்த்த மாட்டார். பரிசுப் பொட்டலத்தை என் கையில் திணித்து அனுப்பிவிட்டுக் கடைசி வரிசையில் யாருடனோ உலகச் செய்தி பேசுவார். செம்பவாங்கில் என் தங்கை மகள் கல்யாணத்தில் உன் பெரிய சித்தப்பா மேடையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று பேர் வந்தது. நொண்டி என்று சொல்வதைவிடத் தலைக்கனம் என்று சொல்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

கம்பெனி முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு விருந்து வைக்கும். அதிகாரிகளுக்கு ஹோட்டலில் வாத்தியத்தோடு ஒன்று. தொழிலாளிகளுக்குக் கிடங்கிலேயே ரப்பர் வாடைக்கு நடுவில் பிரியாணியோடு இன்னொன்று. நாடு தனியாகப் பிரிந்த பிறகு, இனிமேல் ஒரே விருந்து, துரையும் தூக்குகிறவனும் ஒரே கூடத்தில் என்று முடிவு செய்தார்கள். உனக்கு ஓரளவு படம் வரையத் தெரியும் என்பதால் ஹோட்டல் பார்ப்பதும் மேடை அமைப்பதும் உன் தலையில் விழுந்தது. அந்த வருஷம்தான் அப்பாவுக்கும் நீண்டகாலச் சேவைக்கான சுவர்க்கடிகாரம் கிடைக்க வேண்டிய முறை. நீ வந்து சொன்னபோது அவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடிகாரத்த ஆபீஸ்ல வச்சிருக்கச் சொல்லு, நான் எடுத்துக்கிறேன். மணி பாக்குறதுக்கு மேடை ஏறணுமா?" என்றார். நீ உள்ளே போய்விட்டாய். பிள்ளைக்கு மனசு சுட்டுவிட்டது என்று நினைத்து அன்று உனக்கு மட்டும் முட்டை பொரித்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தனியாகப் போனால் வேலை கேட்டு வந்திருக்கிறாயா என்று வாசலில் கேட்கிறார்கள், அம்மா பட்டுச்சேலையில் கூட வந்தால் தேநீர் குடிக்க வந்த குடும்பம் என்று நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள் என்றாய். என் ஆயுளில் நான் குடித்த நல்ல தேநீரெல்லாம் அந்த ஒரு மாதத்தில் குடித்ததுதான். முதலில் போன பெரிய ஹோட்டல் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசலிலிருந்து மாடிக் கூடம் வரைக்கும் வளைந்து போகும் படிக்கட்டு, மேலே கொத்துக் கொத்தாகக் கண்ணாடி விளக்குகள், மெத்தை போட்ட நாற்காலிகள். வேறு இடமே பார்க்க வேண்டாம், இங்கேயே வைத்துவிடு என்று உத்தரவு போட்டேன். நீ அந்தப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தேநீர் ஆறும் முன்பே கிளம்பலாம் என்றாய்.

அடுத்த ஹோட்டலில் கூடம் கீழே இருந்தது, ஆனால் சமையலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பன்றிக்கறி முதல் பருப்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி என்றாய். மலாய்க்காரர்கள் தட்டைத் தொட மாட்டார்கள், சைவம் சாப்பிடும் நம் ஆட்கள் தயிர்ச்சோறு கேட்டு நிற்பார்கள், வயிறு நிறையாதவன் கை தட்ட மாட்டான் என்று சொன்னாய். இன்னொன்றில் நட்ட நடுவில் தூண்கள். மற்றொன்றில் நீ கையைத் தட்டினாய், சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வந்தது. இங்கே பேசினால் யாருக்கும் புரியாது என்று அதையும் ஒதுக்கினாய். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது நீ இவ்வளவு பார்க்கவில்லை. மீனாவின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியவன், கூடம் பார்ப்பதற்கு என் செருப்பைத் தேய்த்தாய்.

கடைசியில் நீ தேர்ந்தெடுத்தது பிடோக் போகும் வழியில் கடலோரத்தில் இருந்த ஒரு பழைய ஹோட்டலை. ஒரே தளம். உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. லோரி வந்து நிற்கும் இடமும் கூடத்தின் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. கதவுகளைத் திறந்தால் புல்தரை, அதற்கப்பால் கடல். நான் மூக்கைச் சுளித்தேன். விருந்து எங்கே என்று கேட்ட அத்தனை பேரிடமும் அந்தப் பெரிய ஹோட்டலின் பேரைச் சொல்லி வைத்திருந்தேனே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அங்கே என்னடா குறை என்று சண்டை போட்டேன். "கூடம் மாடில இருக்கும்மா. கம்பத்துக் கிராமத்துலேர்ந்து கைப்புள்ளக்காரங்க வருவாங்க, வயசானவங்க வருவாங்க. வாசல்லயே மூச்சு வாங்கினா அப்புறம் என்ன விருந்து?" என்றாய். நியாயம்தான் என்று அரைமனதாக ஒப்புக்கொண்டேன். நீ சொன்னது பொய்யில்லை. முழுவதும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேடைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாயே, அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! மேடை என்றால் ஆள் உயரம் இருக்க வேண்டும், சிவப்பு வெல்வெட்டுத் திரை தொங்க வேண்டும், பக்கவாட்டில் படி இருக்க வேண்டும். நீ வரைந்திருந்தது தாழ்வான மேடை. கூடத்தின் நடுவிலிருந்து அகலமான பலகைப் பாதை ஒன்று மெல்ல மெல்ல உயர்ந்து போய் மேடையைத் தொட்டது. முடிகிற இடத்தில் ஒரே ஒரு படி, இரண்டு பக்கமும் பூச்சுற்றிய இரண்டு கம்பங்கள். லோரியில் மாடு ஏற்றப் போடும் பலகை மாதிரி இருக்கிறதே என்றேன். அலுவலகத்திலும் சும்மா விடவில்லை. பாதையால் சில மேசைகள் போடுகிற இடம் வீணாகிறது என்றார்கள். துரை பின்பக்கமாக வந்து உட்காருவதுதான் வழக்கம் என்றார்கள். நீ மசியவில்லை. எல்லாரும் ஒரே வழியில்தான் மேடைக்குப் போக வேண்டும், துரையும் துரைசானியும் முதலில் நடந்து போகட்டும், படத்தில் நன்றாக இருக்கும் என்று சொல்லி ஒப்ப வைத்தாய். யார் எதற்கு மயங்குவார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அது மட்டும் என் பக்கத்துக் குணம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா போகிற போக்கில் கேட்பதுபோல, எந்தப் பக்கமாக ஏற வேண்டுமாம் என்று கேட்டார். நடுவிலே நடந்து போவதுதான், கடைசியில் ஒரே ஒரு படி என்றாய். அவர் ரசத்தைக் கலந்துகொண்டே ம் என்றார். மறுநாள் நீளக் கால்சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு வை என்று என்னிடம் சொன்னார். போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அந்தச் சப்பாத்து இருந்தது, நீளக் கால்சட்டை இருந்தது, நடக்கச் சமமான வழி இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

அதைக் கெடுத்தவள் நான்தான். விருந்தன்று மதியமே தொழிலாளிகளின் மனைவிமார் சிலர் பூக்கட்ட ஹோட்டலுக்குப் போனோம். மேடையைப் பார்த்தால் எல்லாம் இருந்தது, விளக்கு இல்லை. இத்தனை பேருக்கு மரியாதை செய்கிற நல்ல காரியம், விளக்கேற்றாமல் ஆரம்பிப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆள் அனுப்பி ஒருவர் வீட்டிலிருந்து ஆளுயரக் குத்துவிளக்கைக் கொண்டுவரச் செய்து, நன்றாகத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, மேடையின் முன்பக்கம் வைத்தேன். துரைசானி வந்து சேர்ந்ததும் கையாலும் கண்ணாலும் பேசி, அவளைக் கொண்டே ஏற்றவும் வைத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு ஒரே குஷி. நீ வாசலில் லோரிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாய். உள்ளே வந்தவன் விளக்கைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உன் முகம் வெளுத்துப்போனது. கம்பளத்தில் எண்ணெய் சிந்திவிடும் என்று பயப்படுகிறான் போலும் என்று நினைத்தேன். பாரேன் என் புத்தியை. எரிகிற விளக்கை அணைக்க உனக்கு மனம் வருமா? அதற்குள் வாத்தியம் தொடங்கிவிட்டது.

முதலில் கூப்பிட்டது முனியாண்டி அண்ணனை. கிடங்கிலேயே மூத்தவர். புதுச் சப்பாத்து கடிக்க, தத்தித் தத்தி வந்தவர் பலகைப் பாதையின் தொடக்கத்தில் தலையை நிமிர்த்தினார். மேடையில் விளக்கு எரிகிறது. நம் ஆள் என்ன செய்வார்? கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சந்நிதிக்குப் போவதுபோலப் போனார். அடுத்து வந்த லோரி டிரைவர் அகமது அதைப் பார்த்தார், அவரும் கழற்றினார். அதற்கடுத்த சீனக் கணக்கரும் கழற்றினார். அதன்பிறகு அது அன்றைய முறையாகிவிட்டது. பாதையின் அடியில் சப்பாத்துகள் சேர்ந்துகொண்டே போயின. தரையைக் காட்டி, ஈரமாக இருக்கிறதா என்று துரை உன்னிடம் குனிந்து கேட்டது எனக்கே தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பக்கத்தில் திரும்பி அப்பாவைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

அவர் அந்தச் சப்பாத்துக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக அந்த மனிதர் கோயிலை விட்டார், கல்யாண மேடையை விட்டார், சொந்தக்காரர்களின் ஏச்சைக் கேட்டார், ஒரு காலை மறைப்பதற்காக. அதை நான் ஒரு குத்துவிளக்கை வைத்து, கம்பெனி முழுவதற்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க கழட்ட வேணாம்லா. அப்படியே போங்க, யாரு பாக்கப் போறா" என்றேன். அவருடைய பேரைக் கூப்பிட்டார்கள். கையை விடுவித்துக்கொண்டார்.

"வெளக்கு எரியுது" என்றார். அவ்வளவுதான்.

பாதையின் அடிவரை எப்போதும்போல நிதானமாக நடந்தார். அங்கே ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அந்தச் சப்பாத்து சட்டென்று கழலாது, உனக்குத் தெரியுமே. மற்றவர்கள் காலை உதறிவிட்டுப் போனார்கள், இவருக்கு நேரமானது. கூடத்தில் பேச்சு குறைந்தது. கழற்றி, தடித்த அடியுள்ளதை மற்றதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு நிமிர்ந்தார். இடது தோள் சட்டென்று இறங்கியது. வாசலில் தினமும் அவருக்கு வணக்கம் சொன்ன டிரைவர்களின் முகங்களை நான் பார்த்தேன். அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாய். போய்ப் பிடிடா, அப்பாவைப் பிடிடா என்று மனசுக்குள் கத்தினேன். நீ அசையவில்லை. பெற்ற பிள்ளை கல்லாக நிற்கிறானே என்று அந்த நிமிஷத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சாய்ந்து நிமிர்ந்தது, ஆனால் தடுமாறவில்லை. அந்தப் பாதை அவரை ஒரு தள்ளும் தள்ளவில்லை, ஒரு இழுப்பும் இழுக்கவில்லை. கடைசியில் அந்த ஒற்றைப் படி. அவருடைய கை எங்கே நீளுமோ அங்கே உன் பூக்கம்பம் நின்றது. யாரும் இயல்பாகப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தார். நல்ல காலான வலது காலை எடுத்து வைத்து ஏறினார். கல்யாண மாப்பிள்ளையும் புதுமனை புகுகிறவரும் வலது காலைத்தானே எடுத்து வைக்கிறார்கள்? பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒருவர் முறையாக மேடை ஏறினார், அவ்வளவுதான். விளக்கைக் கும்பிட்டார். துரையிடம் கை கொடுத்தார். கடிகாரத்தை வாங்கினார். மற்றவர்களுக்குத் தட்டிய அளவுக்குத்தான் அவருக்கும் கை தட்டினார்கள். கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அது போதும் என்று எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது அவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஹோட்டலில் நல்ல காற்று என்று மட்டும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல என்னோடு வந்தார். துணிக்கடை வாசலில் நிற்பார் என்று நான் பாட்டுக்குச் சாலையைக் கடந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னாலேயே வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கால் கழுவப் போய்விட்டேன். பேசினால் அழுதிருப்பேன்.

மேடை போட்ட சீனத் தச்சர் ஆ செங்கைக் கொஞ்ச நாள் கழித்துத் தேக்கா சந்தையில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் நலம் விசாரித்தேன். உன் மகன் நல்லவன்தான், ஆனால் மூளை கொஞ்சம் பிசகியவன் என்று சிரித்தார். அந்தப் பலகைப் பாதையைத் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டச் சொன்னாயாம். ஒவ்வொரு தடவையும் வலது காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இடது காலை வெறுங்காலாக வைத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து ஏறிப் பார்த்தாயாம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் முருங்கைக்காய்க் கடை முன்னால் நின்றுவிட்டேன். விளக்கை நான் வைப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அப்பா ஒருநாள் சப்பாத்தைக் கழற்றக்கூடும் என்று நினைத்து, அந்த நாளுக்கும் தாங்குகிற மாதிரி நீ மேடை போட்டிருந்தாய். படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே தேநீரை வைத்துவிட்டு எழுந்தது எதற்கு என்று எனக்கு அந்தச் சந்தையில்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். பாதையை அப்படியே மேடையோடு சேர்த்திருக்கலாமே, அந்த ஒரு படி எதற்கு என்று கேட்டேன். "ஒரு படிகூட இல்லேன்னா, தனக்காகப் போட்டதுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்மா" என்றாய்.

மீனாவின் பெரியப்பா ஐயா, நாற்காலி அடுக்குகிற வேலை இதுதான். என் மகன் ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே யார் வர முடியாமல் நிற்பார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறான். அதைக் கண்டுகொண்டுதான் ஹோட்டல்காரர்கள் கம்பெனியிலிருந்து அவனைக் கேட்டு வாங்கி, வெளியூர் ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெருமையாகத்தான் எழுதுகிறேன். தன் பிள்ளையைத் தானே புகழக்கூடாது என்பார்கள். வேறு யாரும் புகழ்வதாகத் தெரியவில்லை, என்ன செய்ய?

சேகர், அம்மாவிடம் புத்திமதி இல்லாமல் கடிதம் முடியுமா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ யாருக்காகச் செய்கிறாயோ அவருக்கே தெரியாமல் செய்கிறாய். மேடைக்கு அது சரி. பெண்டாட்டிக்குச் சரிப்படாது. நீ அவளுக்காக ஒன்று செய்தால் வாயைத் திறந்து சொல். பக்கத்தில் கல்லாக நின்று மனசுக்குள் உருகிக்கொண்டிருந்தால், என்னைப் போல அவளும் உன்னைத் தப்பாகத்தான் நினைப்பாள். பிறகு உண்மை தெரிந்துகொள்ள அவள் தச்சரைத் தேடிச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கும். அவள் சமையலில் உப்பு கூடினாலும் அன்றைக்கே சொல்லிவிடு. அன்பையும் அன்றைக்கே சொல்லிவிடு.

இனி, கல்யாணக் கூடத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில். மணவறையைத் தரையிலேயே அமைத்துவிடலாம், மேடை வேண்டாம், இப்போது அப்படித்தான் வழக்கமாகி வருகிறது என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் வரவில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பெற்றவர்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், ஊரும் உறவும் ஈப்போக்காரர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதினாய். உன் கடிதத்தை அப்பாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"மேடை வேணும்னு எழுது. நல்லா உசரமாவே போடச் சொல்லு. எம்மவன் கல்யாணத்துக்கு நான் ஏறி வர்றதக் கடைசி வரிசையில இருக்கிறவனும் பாக்கணும்."

உன் அம்மா